கழுகுமலையா, சிதறாலா?

தெற்கே போகிறோம், ஒரு சமணர் மலைக்குத்தான் நேரம் இருக்கிறது, எதில் ஏறலாம் என்று கேட்டால் கழுகுமலை என்பேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம், 8, 9ஆம் நூற்றாண்டு. இரண்டிலும் பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டுகள், குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பெயர்கள். ஏற்றமும் இரண்டிலும் பெரிதில்லை.

சிதறால் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். கல் பாவிய பாதை, வழியெல்லாம் மரம். மேலே பெரும்பாறை ஒன்று குடைபோல நீட்டிக்கொண்டு நிற்க, அதன் அடியில் குகையும் மண்டபமும். அந்தப் பாறையின் தலையிலேயே சிதைந்த செங்கல் விமானம். ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தி பொன் அணிகள் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அது பகவதி கோயிலாயிற்று. அங்கே நான் போனது ஒரே முறை, அதுவும் மூட்டமான ஒரு மதியம். அதனால் என் சாய்வில் கொஞ்சம் அநியாயம் இருக்கலாம்.

கழுகுமலைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கோவில்பட்டியில் சாவகாசமாகச் சாப்பிட்டு, அடிவாரத்தில் முருகனைக் கும்பிட்டு, உச்சிவெயிலில் மேலே ஏறினேன். மொட்டைப் பாறை. அய்யனார் கோயில் பக்கம் செருப்பைக் கழற்றியதும் கால் பொத்துவிடும்போல் இருந்தது. அதைவிட ஏமாற்றம், சிற்பங்கள் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் அத்தனையும் பாறையோடு பாறையாக மங்கிக் கிடந்தன. பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. புடைப்புச் சிற்பத்துக்கு ஆழம் குறைவு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு விளிம்பும் ஒரு நிழலைப் போடும், மூக்கு மூக்காகத் தெரியும். வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டால் நிழல் போய்விடும், நிழலோடு சிற்பமும். சிதறாலில் இந்தத் தொல்லை குறைவு; பாறையே கூரையாக இருப்பதால் மதியம் போனாலும் நின்று பார்க்க முடிந்தது. கழுகுமலை அப்படி இல்லை, நேரம் தவறினால் ஒன்றும் தராது.

இரண்டாம் முறை விடிந்ததும் விடியாததுமாக ஏறினேன். பாறை சில்லென்று இருந்தது. வெயில் சாய்வாக வந்து தொட்டபோது சமண யட்சி அம்பிகையின் பக்கத்துச் சிங்கத்துக்கு முகம் வந்தது. உருவங்களின் அடியில் வெறும் கீறல் என்று நான் விட்டுவிட்டுப் போனதெல்லாம் எழுத்துகள். இன்னார் செய்வித்த திருமேனி என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். குயவரும் தச்சரும்கூட அதில் உண்டு. அரசன் கொடை கொடுத்த கல்வெட்டை எங்கும் பார்க்கலாம், குயவர் பெயரை எத்தனை இடத்தில் பார்க்க முடியும்? எனக்கு அந்த மலை அங்கேதான் பிடித்துப்போனது.

அதே மலையில் இருக்கும் வெட்டுவான் கோயிலை இதற்குப் பிறகு பாருங்கள். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த பாண்டியர் வேலை, பாதியில் நின்றது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், பூதகணங்கள் சிரிக்கின்றன. கீழே வரவர உருவம் குறைந்து வெறும் பாறை ஆகிவிடுகிறது. உளி எந்த இடம் வரைக்கும் வந்தது என்று விரலால் காட்டலாம். சிதறாலில் இருப்பது இடிந்த அழகு, இது முடியாத அழகு.

முட்டிவலிக்காரர், சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் சிதறால்தான் சரி. உட்கார நிழல் உண்டு. தனியாகவோ, விடியலில் எழுந்துவரச் சம்மதிக்கிற ஆளோடோ போவதானால் முந்தின ராத்திரியே கோவில்பட்டியில் தங்கிவிடுங்கள். மலையடிக்கு வந்து சேரவே பத்து மணி ஆகும் என்றால் நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டுச் சிதறாலுக்கே போங்கள்.