கூடுதல் மின்பாதைக்கு ஒரு நாள் சிகிச்சை: சென்னை மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

பிறவியிலேயே இதயத்தில் அமைந்துவிட்ட கூடுதல் மின்பாதையைக் கண்டறிந்து நீக்கும் மின்னியல் ஆய்வையும், இரத்தநாளம் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்திப் பாதையைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் கத்தீட்டர் சிகிச்சையையும் சென்ற ஆண்டு சென்னையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்டேன். சிகிச்சைக்கூடத்துக்குள் கிடைத்த சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அந்தக் கூடத்தின் கதவுக்கு வெளியே, குறிப்பாக நோயாளியின் கையில் கொடுத்தனுப்பும் காகிதங்கள் விஷயத்தில், இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. குறைகளையும் எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே சிகிச்சைக்கு வேறெங்கோ போகிறவர்கள் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெயர் தேவையும் இல்லை.

எனக்கு வயது 36. கல்லூரி நாட்களிலிருந்தே திடீரென்று நெஞ்சு படபடக்கும். நிமிடத்துக்கு 190, 200 என்று அடித்துவிட்டு, விளக்கை அணைத்தாற்போல் ஒரே நொடியில் அடங்கிவிடும். தேர்வு பயம், இரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி என்று பார்த்த மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 29 வயதில் வேலைக்கான உடற்தகுதிச் சான்றிதழுக்காக எடுத்த இ.சி.ஜி. தாளில், இதயத்தின் கீழ்ச்சுவரில் பழைய மாரடைப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று இயந்திரம் அச்சிட்டுத் தந்தது. எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே சுருங்கி விரிவதாகத் தெரிந்ததும் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, படபடப்பு ஒரு மணி நேரமாகியும் அடங்காத ஓர் இரவில், கும்பகோணத்தில் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் ஊசி போட்டு அதை நிறுத்திவிட்டு, என் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்து, "இது மாரடைப்பு இல்லைங்கம்மா, பிறக்கும்போதே இருக்கிற ஒரு எக்ஸ்ட்ரா ஒயர்" என்றார்.

இதயத்தின் மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் நார்த்திசு வளையம் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் இருக்க வேண்டிய ஒரே வாசல் ஏ.வி. கணு, வந்து சேரும் ஒவ்வொரு மின்துடிப்பையும் அது சற்றே நிறுத்திவைத்துத்தான் கீழே அனுப்பும். கருவில் இதயம் உருவாகும்போது இந்த வளையம் முழுமையாக மூடிக்கொள்ளாமல் மெல்லிய தசையிழை ஒன்று தங்கிவிட்டால், தாமதமே இல்லாத குறுக்குவழி ஒன்று மின்துடிப்புக்குக் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி, அதாவது மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு வந்துசேரும் நேரம், 120 மில்லிவினாடிக்குக் கீழே சுருங்கி, நிமிர்ந்து எழ வேண்டிய அலை டெல்டா என்னும் சரிவோடு தொடங்குகிறது. என்னுடையதைப் போலப் பின்புற இடைச்சுவரை ஒட்டிப் பாதை அமைந்திருந்தால், சில பதிவுகளில் அந்தச் சரிவு கீழ்நோக்கி விழுந்து, பழைய மாரடைப்பின் தடயத்தைப் போலவே தோற்றம் தரும். லூயி உல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் ஆகிய மூன்று இதய மருத்துவர்களும் 11 பேரின் பதிவுகளை வைத்து இதை விவரித்தது 1930இல். ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இ.சி.ஜி.யில் இந்த அடையாளத்தோடு இருக்கிறார்கள். அப்படியிருந்தும் இயந்திரம் அச்சிட்ட ஒரு வரியை ஏழாண்டுகள் எவரும் கேள்வி கேட்கவில்லை.

சென்னையில் முதல் ஆலோசனைக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போன பிறகு அந்த எரிச்சல் முழுவதும் போய்விட்டது. இதய மின்னியல் நிபுணர் வெள்ளைத்தாளில் இதயத்தை வரைந்து, எனக்கு வரும் படபடப்பு எப்படி உண்டாகிறது என்று காட்டினார். மின்துடிப்பு ஏ.வி. கணு வழியாகக் கீழே இறங்கி, குறுக்குப்பாதை வழியாக மேலே திரும்பி, செக்குமாடு போல வட்டமடிக்கிறது. அது பயமுறுத்துமே தவிர உயிரைப் பறிப்பது அரிது என்றார். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் நிலை எப்போதாவது வந்தால், ஏ.வி. கணு வடிகட்டி அனுப்புவதைப்போலக் குறுக்குப்பாதை வடிகட்டாது. வந்ததையெல்லாம் கீழறைகளில் கொட்டி, அவற்றையும் நடுங்கவைத்துவிடக்கூடும். அந்த நிலையில் பாதை வழியாக வரும் அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு இடையே 250 மில்லிவினாடியோ அதற்கும் குறைவோ இருந்தால் ஆபத்து மிகுந்த பாதை என்று கணக்கு. டிரெட்மில்லில் வேகமாக நடக்கும்போது டெல்டா அலை சட்டென்று மறைந்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. எனக்கு அது மறையவில்லை.

சிகிச்சை வெற்றிபெறும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்பதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, தவறாகப் போகக்கூடியவற்றைப் பற்றித்தான் அவர் அதிக நேரம் பேசினார். நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்குப் பாதை மீண்டும் உயிர்பெறலாம் என்றும், ஏ.வி. கணுவுக்கு அருகில் சூடு வைப்பதால் அந்தக் கணுவே பாதிக்கப்படும் சிறு வாய்ப்பு உண்டு என்றும் சொல்லிவிட்டு, "பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம் என்று சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்க மாட்டேன்" என்றார். இந்த மருத்துவமனையை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். படபடப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதைச் செவிலியர் ஒருவர் செய்தே காட்டினார்: சாய்ந்து உட்கார்ந்தபடி 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும், உடனே மல்லாந்து படுத்துக் கால்களை வேறொருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், உட்கார்ந்தபடி ஊதியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், இப்படிக் கால்தூக்கிப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சீரானது. எனக்கு மூன்று முறையில் இரண்டு முறை நின்றது.

முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. சிகிச்சைக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அந்த இடைவெளியில் ஒழுங்கற்ற வேகத்துடிப்போடு ஏதாவதொரு மருத்துவமனையில் என்னைச் சேர்த்திருந்தால், வழக்கமாகக் கைக்கு வரும் வெரபமில், டிஜாக்சின் போன்ற மருந்துகள் எனக்குக் கேடாக முடிந்திருக்கும். ஏனென்றால் அவை ஏ.வி. கணுவை மெதுவாக்கும்போது குறுக்குப்பாதை தடையில்லாமல் ஓடும். மருத்துவர் இதை வாயால் தெளிவாகச் சொன்னார். ஆனால் என் கையில் இருந்த புறநோயாளிச் சீட்டில் மூன்று சுருக்கெழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லை. மயங்கிக் கிடப்பவர் வாயால் எப்படிச் சொல்வார்? நானே ஓர் அட்டையில் இதை எழுதிக்கொண்டு மறுபடியும் போனேன். அவர் சிரித்துக்கொண்டே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் வைத்தார். ஒரு பெரிய மருத்துவமனைக்கு இதை அச்சடித்து வைக்க என்ன செலவாகியிருக்கும்?

கட்டணப் பிரிவைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. எக்ஸ்ரே வழிகாட்டும் முறைக்கு 1,90,000 ரூபாய் என்றும், முப்பரிமாண வரைபட முறைக்கு மேலும் 1,20,000 ரூபாய் என்றும் சொல்லிவிட்டு, இரண்டாவதுதான் பாதுகாப்பானது என்று அங்கிருந்தவர் வற்புறுத்தினார். மருத்துவரிடம் கேட்டபோது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எக்ஸ்ரே கதிர்வீச்சைக் குறைக்கவும், இரண்டாம் முறை செய்பவர்களுக்கும், எப்ஸ்டீன் போன்ற பிறவிக் குறையோடு பல பாதைகள் உள்ள இதயத்துக்கும் அது பெரிய உதவி, உங்களுக்கு எக்ஸ்ரே முறையே போதும் என்று முடித்துவிட்டார். காப்பீட்டு விண்ணப்பத்தில் 'பிறவிக் கோளாறு' என்று மட்டும் எழுதி அனுப்பியதால் முதலில் மறுப்பு வந்தது. வெளியே தெரியும் உறுப்பில் உள்ள பிறவிக் குறையையும் உடலுக்குள் இருக்கும் பிறவிக் குறையையும் காப்பீட்டு ஒப்பந்தங்கள் தனித்தனியாக வரையறுக்கின்றன. 'உட்புற' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் ஒப்புதல் வந்துவிட்டது. அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தவர் என் கணவர், கட்டணப் பிரிவினர் அல்லர்.

சிகிச்சை நாளில் நடந்த எதிலும் குறை காண முடியவில்லை. படபடப்புக்கான மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருந்தேன். வலது தொடையிடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரத்தநாளம் வழியாக மெல்லிய மின்கம்பிகளை இதயத்துக்குள் செலுத்தினார்கள். ஊசி போட்டபோது எரிந்ததைத் தவிர வலி என்று சொல்ல ஏதுமில்லை. அரைத் தூக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். என் கூச்சம் அறிந்து ஒரு பெண் செவிலியர் கடைசிவரை தலைமாட்டிலேயே நின்றார். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த தொழில்நுட்பர் இதயத்தைச் சிறிய மின்துடிப்புகளால் தூண்டத் தூண்ட, இருபதாண்டுகளாக நினைத்த நேரத்தில் வந்துபோன அந்தப் படபடப்பு சொன்ன நேரத்துக்கு வந்தது. "வீட்டில் வருவது இதேதானாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். "இதேதான் சார்" என்றேன். அடுத்த நொடியே அதை நிறுத்தினார்கள். என் வாழ்நாளில் அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது அன்றைக்குத்தான்.

இதயத்தின் சொந்தச் சிரையான கரோனரி சைனஸின் வாயருகே பாதை இருந்தது. கத்தீட்டர் முனையால் ரேடியோ அதிர்வெண் ஆற்றலைச் செலுத்தினால் அதைத் தொடும் திசு 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறி, மின்சாரம் கடத்தும் தன்மையை நிரந்தரமாக இழந்துவிடுகிறது. ஆற்றல் செலுத்தத் தொடங்கிய மூன்றாம் விநாடியில் டெல்டா அலை மறைந்ததாகத் தொழில்நுட்பர் சத்தமாக அறிவித்தது எனக்கே கேட்டது. அதன்பின் அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் தூண்டிப் பார்த்து, பாதை திரும்பவில்லை என்று உறுதிசெய்த பிறகே கம்பிகளை எடுத்தார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1968இல் வில் சீலி என்ற அறுவை நிபுணர் மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்துதான் இப்படியொரு பாதையை முதன்முதலில் வெட்டினார். எனக்கு மிஞ்சியது தொடையிடுக்கில் கொசுக்கடி அளவில் இரண்டு புள்ளிகள்.

வார்டில் காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுத்திருந்தேன், இட்லி ஆறியிருந்தது, மறுநாள் பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காகிதம் மறுபடியும் கைவிட்டது வீட்டுக்கு வந்த பத்தாம் நாளில். காய்ச்சலுக்காக உள்ளூர் மருத்துவமனைக்குப் போனபோது, பழைய கதையைச் சொன்னதும் இ.சி.ஜி. எடுத்தார்கள். டெல்டா அலை இல்லை. ஆனால் கீழ்ச்சுவரைக் காட்டும் பதிவுகளில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறைகள் மின்னியல் ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலைகள் தலைகீழாக இருந்ததால், இம்முறை இயந்திரம் இதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம் என்று அச்சிட்டது. மருத்துவர் என்னைப் படுக்கவைத்து இரத்தம் எடுத்தார். சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்து, மூன்று பேரிடம் மாறி மாறி இணைக்கப்பட்டு, கடைசியில் சிகிச்சைக்கூடத் தொழில்நுட்பரிடம் பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பல ஆண்டுகள் தவறான வழியில் மின்னோட்டம் பெற்ற இதயத்தசை, வழி சரியான பிறகும் சில வாரங்களுக்கு டி அலையைப் பழைய வழியின் திசையிலேயே காட்டுமாம். இதற்கு மருத்துவத்தில் 'இதய நினைவு' என்றே பெயர். வீடு திரும்பும் நாளில் எடுத்த இ.சி.ஜி.யிலும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த இ.சி.ஜி.யின் நகல் எனக்குத் தரப்படவில்லை. நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் எனக்குக் கொடுத்த உணவின் விவரம் வரை இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாம் மாத மறுபரிசோதனையில் இதைச் சொன்னேன். மருத்துவர் வருத்தம் தெரிவித்து, சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு இ.சி.ஜி.களையும் ஒரே தாளில் அச்சிட்டு, கீழே தன் கையாலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தார். அன்றைய பதிவில் டி அலைகள் நிமிர்ந்திருந்தன. இயந்திரமும் குறை எதுவும் அச்சிடவில்லை. புறப்படும்போது வரவேற்பறையில் பார்த்தேன், அச்சடித்த அட்டைகள் இன்னும் வந்திருக்கவில்லை.