கப்பல் பயணத்தில் சீல் சேர்க்கத் தனி நோட்டு: சில மழைக்காலங்கள் தாண்டிய பிறகு

மும்பையிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்கள் சீல் சேர்க்கும் ஆசையில் முதலில் ஏமாறுவது பாஸ்போர்ட்டில்தான். பல்லார்ட் பியரில் ஏறி கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று போகும் பயணங்கள் உள்நாட்டுப் பயணங்கள். அவற்றில் குடிநுழைவுச் சோதனையே கிடையாது, ஆதார் அட்டை போதும். விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறினாலும் பெரிய லாபமில்லை. வெளிநாட்டவருக்கு வருகைச் சீல் குத்துவதை சிங்கப்பூர் 2020 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. ஹாங்காங் 2013 முதல் சீலுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டுதான் தருகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக கைரேகை, முகப்பதிவுக்கு மாறிவிட்டன. நடுவில் தொடும் துறைமுகங்களில் பெரும்பாலும் பயணிகள் பட்டியலைக் கொடுத்து கப்பல் நிர்வாகமே மொத்தமாக அனுமதி வாங்கிவிடும். இறங்கிப் போகிறவர் கையில் இருப்பது கேபின் அட்டை மட்டும்.

ஆக, மிச்சமிருப்பது நினைவுச் சீல். துறைமுகச் சுற்றுலாத் தகவல் மையம், அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம், தபால் நிலையம் ஆகிய இடங்களில் கேட்டால் கிடைப்பது. இதைப் பாஸ்போர்ட்டின் காலிப் பக்கத்தில் குத்திக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். பாஸ்போர்ட் பதிவுகளை அதிகாரமின்றி மாற்றுவது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். பென்குயின் படம் போட்ட சீல் அந்த வரையறைக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பயணிக்குச் சிக்கல் அதற்கு முன்பே, விமான நிலையக் கவுண்ட்டரில் வரும். தகுதியில்லாத ஆவணத்தோடு ஆளை ஏற்றினால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்பதால், புரியாத சீலைப் பார்த்தால் அங்கிருக்கும் ஊழியர் தயங்குவார். தேதியோடு கூடிய நினைவுச் சீல் இன்னும் மோசம். ஒருவர் எங்கே எத்தனை நாள் தங்கினார் என்ற கணக்கைச் சீலை வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு அது குழப்பம்தான். இதற்கெல்லாம் மேலே, நம் சாதாரணப் பாஸ்போர்ட்டில் இருப்பது 36 பக்கம். ஒட்டும் விசா ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தைத் தின்றுவிடும்.

எனவே தனி நோட்டு. எதை வாங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாஸ்போர்ட் போலவே இருக்கட்டும் என்று 125 × 88 மி.மீ. அளவில் வாங்குவது பார்க்க அழகு. ஆனால் யோகோஹாமா, கோபே போன்ற இடங்களில் கப்பல் நின்று, ரயில் நிலையங்களில் மேசைமேல் வைத்திருக்கும் சீல்களைக் குத்தப் போனால் அவற்றில் பல அந்தப் பக்கத்தின் அகலத்தை அடைத்துக்கொள்ளும், ஓரம் வெட்டுப்படும். ஏ6 அளவு, அதாவது 105 × 148 மி.மீ., எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது. சட்டைப் பைக்குள் போகாது, தோள்பைக்குள் போகும்.

தாளில் கஞ்சத்தனம் கூடாது. 70, 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் மை பின்பக்கம் ஊறிவிடும், ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டியதுதான். 120-க்கு மேல் என்றால் நிம்மதி, 150 இன்னும் நல்லது. பளபளப்பான தாள் எவ்வளவு கனமாக இருந்தாலும் உதவாது. மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, மறுநாள் தொட்டாலும் இழுவும். கையால் செய்த தாள் பார்வைக்கு அருமை, ஆனால் அதன் மேடுபள்ளத்தில் சிறிய எழுத்துகள் உடைந்துவிடும். படம் வரையப் பயன்படும் கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாள்தான் நடுவாந்தரமான, நம்பகமான தேர்வு. கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்தமாக வாங்கி, ஏ6 அளவில் வெட்டச் சொல்லி, நூல் தையல் போட்டு வாங்குவது கடை நோட்டைவிட நன்றாக உழைக்கிறது. தையல் முக்கியம். பசை பைண்டிங் போட்ட நோட்டை 180 பாகை விரித்து அழுத்தி அழுத்திக் குத்தினால் முதுகு பிளந்து தாள் தாளாகக் கழன்றுவரும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது தட்டையாக விரியும், ஆனால் கடற்காற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாளில் பழுப்புக் கறை விடும். 40 தாளுக்கு மேல் போடவும் வேண்டாம். சீல், சீட்டு எல்லாம் சேரச் சேர நோட்டு உப்பும்.

குத்துவதிலும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். முதலில் ஒரு துண்டுத் தாளில் குத்திப் பார்க்க வேண்டும். பொது இடத்துச் சீலில் முந்தைய ஆள் பாதி மை வைத்துப் போயிருப்பார், அல்லது பேட் காய்ந்து கிடக்கும். காய்ந்த பேடில் சீலைத் தேய்க்கக் கூடாது, ஓரங்களில் மை அப்பிக்கொண்டு சீலைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கறை விழும். லேசாகப் பத்துத் தடவை தட்டினால் போதும். பழைய ரப்பர் சீலின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும்; அதற்குத் தாளுக்கு அடியில் 2 மி.மீ. ஃபோம் ஷீட் வைத்து நேராக அழுத்தி நேராகவே எடுத்தால் நடுவும் பதியும். ஆட்டினால் இரட்டை உருவம்தான். தானாக மை தொட்டுக்கொள்ளும் சீலுக்கு ஃபோம் தேவையில்லை, கெட்டியான அட்டை போதும்.

குத்தியதும் மூடாதீர்கள். நீர் சேர்ந்த மை கார்ட்ரிட்ஜ் தாளில் ஒரு நிமிடத்தில் காயும். எண்ணெய் சேர்ந்தது காய நேரமெடுக்கும், அதுவரை பக்கத்துத் தாளில் ஒட்டும். எதிர்ப்பக்கத்தில் உருவம் விழாமல் இருக்க நடுவில் ஒரு பட்டர் பேப்பர் போட்டு மூடுவது பாதுகாப்பு. கப்பலுக்கே உரிய வில்லன் ஒன்று உண்டு: சானிடைசர். உணவுக்கூட வாசலில் கையில் தெளித்துவிடுவார்கள், அந்த ஈரக் கையோடு நோட்டைத் தொட்டால் ஆல்கஹால் சாயத்தைக் கரைத்து விரல் அளவுக்குத் துடைத்துவிடும்.

எங்கே கிடைக்கும்? தென் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் சுற்றுலா அலுவலகம் பல வடிவங்களில் சீல் வைத்திருக்கிறது, அன்டார்டிகா கப்பல்கள் புறப்படும் இடம் என்பதால் கூட்டமும் இருக்கும். அன்டார்டிகாவில் போர்ட் லாக்ராய் தபால் நிலையம் பெயர் பெற்றது. அலாஸ்கா போகிறவர்களுக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் 1986-இல் தொடங்கிய சீல் திட்டம் வரப்பிரசாதம்: ஸ்காக்வேயில் இறங்கியதும் கொஞ்ச தூரத்திலேயே பூங்காவின் பார்வையாளர் மையம், தேதியோடு சீல். கிளேசியர் பேயில் கப்பல் கரை சேராது, ரேஞ்சர்களே படகில் வந்து கப்பலேறுவார்கள். கப்பலுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் கோவில்களில் சீல் வைத்துக் கையால் எழுதித் தரும் கோஷுயின் வேறு சமாசாரம். அதற்குத் தனி நோட்டு, காணிக்கை உண்டு. ரயில் சீல் குத்திய நோட்டை அங்கே நீட்டினால் மறுக்கும் கோவில்கள் இருக்கின்றன.

சீல் எதுவுமே இல்லாத துறைமுகத்தில் தபால் நிலையம்தான் கதி. மிகக் குறைந்த விலைத் தபால்தலை ஒன்றை வாங்கி நோட்டில் ஒட்டி, கையால் முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேட்பது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள், சில ஊர்களில் விதியைக் காட்டி மறுப்பதும் உண்டு. நோட்டில் குத்த மாட்டேன் என்பவர் அஞ்சலட்டையில் குத்துவார். கப்பலிலேயே அஞ்சல் போடும் வசதி இருந்தால் அடுத்த துறைமுகத்தில் அதன்மேல் ‘பாக்கெபோட்’ என்ற முத்திரை விழும். கடலில் எழுதிப் போட்ட கடிதத்துக்கான பழைய உலகத் தபால் வழக்கம் அது. கப்பல் ரிசப்ஷனிலும் கப்பல் பெயர் போட்ட சீல் இருக்கும், ஆனால் கடைசி நாள் கணக்குத் தீர்க்கும் வரிசையில் போய்க் கேட்காமல் நடுநாள் மத்தியானம் கேட்டால் கிடைக்கும்.

கிளம்பும் முன் 7 × 10 செ.மீ. அளவில் பத்துக் கார்ட்ரிட்ஜ் துண்டுகள் வெட்டி நோட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. தெரியாத சீலை, மை மோசமான சீலை, கூட்ட நெரிசலில் அவசரமாகக் குத்தும் சீலை அதில் வாங்கி, நன்றாக வந்ததை மட்டும் பிறகு ஒட்டலாம். குச்சிப் பசை மும்பை ஈரத்தில் ஓரிரு வருடத்தில் விட்டுவிடும், இரட்டைப் பக்க டேப்பின் கோந்து கசிந்து மஞ்சளாகும், மைதாப் பசையை வெள்ளிப்பூச்சி தேடி வரும். பழைய போட்டோ ஆல்பத்துக்கு வாங்கும் மூலை ஒட்டிகள்தான் இன்றுவரை ஏமாற்றாதவை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் மாட்டுங்காவோ செம்பூரோ, எந்த வீட்டு அலமாரியும் நோட்டுக்கு நல்ல இடமில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு, மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றி வைக்க வேண்டும். மை காயாத நோட்டைப் பையில் அடைத்தால் பூஞ்சைக்கு விருந்து. சாயம் கலந்த மை, அதிலும் சிவப்பும் ஊதாவும், வெளிச்சத்தில் மங்கும். ஊர் திரும்பிய வாரமே 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.