காவேரிப்பட்டினம் மாப்பிள்ளை அழைப்பும் 18 பேர் பேண்டும்

தங்கை மகள் கல்யாணத்துக்குப் பேண்டு பேசும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் பேண்டில் 22 ஆண்டுகள் யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தில் என்ன விசேஷம் வந்தாலும் பம்பையா, செண்டை மேளமா, பேண்டு வாத்தியமா என்ற வழக்கு என்னிடம்தான் வந்து நிற்கும். கிருஷ்ணகிரியில் ஒரு குழுவைப் பிடித்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் பிழைப்பு கெட வேண்டாம். ராணுவ அணிவகுப்பு உடையில் வந்து, மார்ச் என்ற அணிநடை இசையில் தொடங்கிக் குத்துப் பாட்டில் முடிக்கிற குழு.

பேசிய தொகை 26,000 ரூபாய், முன்பணம் 6,000. டிரம்பெட் நான்கு, கிளாரினெட் இரண்டு, ஆல்டோ சாக்ஸபோன் ஒன்று, யூபோனியம் இரண்டு, டிராம்போன் ஒன்று, சைடு டிரம் நான்கு, பேஸ் டிரம், சிம்பல், பம்பை ஒவ்வொன்று, முன்னால் தடி சுழற்றும் டிரம் மேஜர் ஒருவர். ஆக 18 பேர். எண்ணிப் பார்த்தேன், ஆள் குறையவில்லை. பின்னால் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டி. அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

வைகாசி மாதம், மாலை ஆறரை மணி, காவேரிப்பட்டினத்தில் பிள்ளையார் கோவில் வாசல். மாப்பிள்ளை மாலையோடு காரில் ஏறிவிட்டார். டிரம்பெட் பையன் ஒருவன் தனியாக முன்னே வந்து, நெஞ்சை நிமிர்த்தி ஊதத் தொடங்கினான். இரண்டாவது சுரத்திலேயே எனக்கு உடம்பு சில்லிட்டது. அவன் ஊதியது ‘லாஸ்ட் போஸ்ட்’. போர் நினைவிடத்திலும், வீரனைக் கடைசியாக வழியனுப்பும் இடத்திலும் ஊதுவது. எங்கள் ரெஜிமெண்ட் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனில் அதைக் கேட்டுத் தலை குனிந்து நின்ற நாட்கள் எத்தனையோ. இங்கே மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு கையசைக்கிறார்.

ஓடிப்போய்ப் பையன் கையைப் பிடித்துவிட்டேன். “என்னங்க ஐயா, கம்பீரமாக இருக்கிறதே என்று வைத்தோம்” என்றார் பேண்டு மாஸ்டர். செல்போனில் பார்த்துப் பழகியதாம். காதோடு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. “கிழவனுக்குப் பட்டாளக் கோபம் வந்துவிட்டது” என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இருக்கட்டும். ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: பையன் தப்பான இடத்தில் ஊதினானே ஒழிய தப்பாக ஊதவில்லை. அது பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பின் மெட்டு. பியூகிளில் வால்வு கிடையாது, உதடும் மூச்சும்தான். அவனும் டிரம்பெட்டின் வால்வைத் தொடாமலே ஊதினான். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் இவ்வளவு!

இரண்டாவது கோபம் உடுப்பில். சிவப்புக் கோட்டு, வெள்ளைப் பெல்ட், தோளில் சரிகை எல்லாம் அழகு. ஆனால் இருபது வயதுப் பையன் நெஞ்சில் ஐந்து பதக்கம் தொங்குகிறது. ராணுவத்தில் நீண்ட சேவைப் பதக்கம் ஒன்று வாங்கவே ஒன்பது ஆண்டு ஆகும். உடுப்போடு வாடகைக்கு வந்தது என்றார்கள். கழற்றி வண்டியில் போடச் சொன்னேன். முணுமுணுக்காமல் போட்டார்கள்.

இனி எல்லோரும் நான் கோபப்படுவேன் என்று எதிர்பார்த்த இடத்துக்கு வருகிறேன். நான்கு ரோட்டைத் தாண்டியதும் மார்ச் அப்படியே குத்துப் பாட்டாக மாறியது. மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கம் சாய்ந்து, “மிலிட்டரி உடுப்பில் இந்தப் பாட்டா? நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ராணுவ பேண்டு என்றைக்குச் சுத்தமாக இருந்தது? பேஸ் டிரம்மும் சிம்பலும் துருக்கியப் படையிடமிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டவை. 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் முதலில் ஒட்டிக்கொண்டதே பிரெஞ்சு ராணுவ பேண்டில்தான். 1918இல் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பின பேண்டு மாஸ்டர், அமெரிக்காவின் 369ஆவது காலாட்படைப் பிரிவின் பேண்டைக் கொண்டு பிரான்சில் ஜாஸ் வாசித்தார். அதே பிரான்சில், 2017 ஜூலை 14 அணிவகுப்பில், இரண்டு நாட்டு அதிபர்கள் பார்த்துக்கொண்டிருக்க ராணுவ பேண்டு டாஃப்ட் பங்க் குழுவின் நடனப் பாட்டுகளை வாசித்தது. நம் டெல்லியிலும் குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், 2022இல் ‘அபைட் வித் மீ’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலை எடுத்துவிட்டு இந்திய மெட்டை வைத்தார்கள். காந்திக்குப் பிடித்த பாட்டு. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அந்த இடத்தில் இந்திய மெட்டு வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் குழுவின் கலப்பு பொருந்தியதற்குக் காரணம் தாளம். நம் குத்துப் பாட்டின் நடை திஸ்ரம், மூன்று மூன்றாகப் போவது. மார்ச்சிலும் ஆறு-எட்டுத் தாளத்தில் ஒரு வகை உண்டு. அமெரிக்கக் கடற்படை வீரர் பேண்டை நடத்திய சூசா 1889இல் எழுதிய ‘வாஷிங்டன் போஸ்ட்’ அப்படிப்பட்டது; மார்ச்சாக எழுதியதை ஊரே நடனமாக ஆடித் தீர்த்தது. மூன்றுக்கு ஒரு கால், அடுத்த மூன்றுக்கு மறுகால். பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் இதை எனக்குப் புரியவைக்க ஆசிரியர் படாத பாடுபட்டார். எங்கள் ஊர்ப் பம்பைக்காரர் நினைவு வந்த பிறகுதான் சட்டென்று பிடிபட்டது.

அதனால் என் பாராட்டில் பெரும்பங்கு பேஸ் டிரம் அடித்தவருக்கு. நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையைப் பாட்டு மாறும்போதும் விடவில்லை. பம்பை துள்ளியது, டிரம்பெட் துள்ளியது, இவர் இடது காலும் மேளமும் ஒன்றாகவே விழுந்தன. பாலத்துக்கு முன் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற லாரி, பின்னால் இன்னும் மூன்று. வேறு குழுவாக இருந்தால் கலைந்து டீ குடிக்கப் போயிருக்கும். இவர்கள் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே கால் மாற்றி வாசித்தார்கள். லாரி கிளீனர் இறங்கி ஆடினான். பிறகு பேஸ் டிரம்மில் இரட்டை அடி விழுந்ததும் 18 பேரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்த பேண்டை நான் மதிப்பேன்.

கெடுத்தது அந்தக் குட்டி யானைதான். காற்றுக் கருவி சூடேற ஏறச் சுருதி மேலே போகும். கீபோர்டு கிளம்பிய இடத்திலேயே இருக்கும். அரை மணி நேரம் ஊதிய பிறகு இரண்டுக்கும் நடுவே உரசல் கேட்டது. சுருதி சேர்க்கும் குழாயான டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும். ஒருவரும் இழுக்கவில்லை, ஏனென்றால் ஸ்பீக்கர் இரைச்சலில் அவரவர் கருவி அவரவருக்கே கேட்கவில்லை. என் யூபோனியம் சகோதரர்கள் இருவரும் கடைசிவரை ஊதினார்கள் என்பதைக் கன்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்தில் மீதி 20,000 கொடுத்தபோது அந்த வண்டிக்கென்று தனியாக 2,500 கேட்டார்கள். பேசும்போது சொல்லாத கணக்கு. பேரம் பேசி 1,500 கொடுத்தேன். நீங்கள் யாரையாவது பேசுவதாக இருந்தால் வண்டி, ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து. அதே மாஸ்டரிடம் 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். வண்டி வரக்கூடாது, பம்பை இன்னொன்று சேர வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பையன் ஊதுவதற்கு, பட்டாளத்தில் விடியற்காலையில் துயில் எழுப்பும் மெட்டைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.