ஏரோஸ்பேஸ் எம்.டெக், "வகுப்பு வேண்டாம், பரீட்சை மட்டும்": பணம் கட்டும் முன் படியுங்கள்

பெங்களூரு, ஹைதராபாத், ஓசூர் பக்கம் விமான டிசைன், ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ், எம்.ஆர்.ஓ. (விமானப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு) வேலைகளில் இருப்பவர்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. "வேலையை விடாமல் எம்.டெக் ஏரோஸ்பேஸ். யு.ஜி.சி. அங்கீகாரம். வகுப்புக்கு வர வேண்டாம்." முன்பணம் கன்சல்டன்சிக்காரரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் போகிறது. ரசீது கேட்டால் "அட்மிஷன் கன்ஃபர்ம் ஆனதும் யுனிவர்சிட்டியே அனுப்பும்" என்கிறார்கள். சரிபார்க்க என்று வாங்கிய அசல் பி.இ. சான்றிதழ், அடுத்த தவணை கட்டும் வரை திரும்புவதில்லை. பணத்தைவிட இந்தப் பிணைதான் பலரை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது.

சிக்கியவர்களில் பலர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்கிறார்கள். யு.ஜி.சி. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுகிறார்கள்; இருக்கிறது; நம்பிவிடுகிறார்கள். பித்தலாட்டம் பெயரில் இல்லை, படிப்பு நடக்கும் முறையில் இருக்கிறது. தொலைதூர, ஆன்லைன் கல்விக்கான யு.ஜி.சி.யின் 2020 விதிகள் பொறியியலை அந்த முறையில் நடத்தக் கூடாது என்று தடை செய்கின்றன. கன்சல்டன்சி ஏஜென்ட் காட்டுவது யு.ஜி.சி.யின் 2022 செப்டம்பர் அறிவிப்பை: தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்த விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் படிப்புகளுக்கு மட்டும். அனுமதியே இல்லாத படிப்புக்குச் சமம் என்ன, சமமில்லை என்ன?

அடுத்த வாதம், "ஐ.ஐ.டி.யே ஆன்லைனில் நடத்துகிறதே!" ஐ.ஐ.டி.கள் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்த விலக்கு ஏஜென்ட் சொல்லும் தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கிடையாது. இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கின் 2001 தீர்ப்பை எடுப்பார்கள். பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) முன் அனுமதி தேவையில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. தபாலில் எம்.டெக் நடத்தலாம் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தொலைதூரப் பொறியியல் பட்டங்களைக் கையில் எடுத்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்தி வைத்து, ஏ.ஐ.சி.டி.இ. தேர்வு எழுதச் சொன்னது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து; அதைக் காட்டி வாங்கிய பதவி உயர்வும் போயிற்று.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு மோசடியின் உருவம் மாறிவிட்டது. "தொலைதூரம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு, மார்க் ஷீட்டில் "ரெகுலர்" என்று அச்சிட்டுத் தருகிறார்கள். வாங்குபவருக்கு நிம்மதி. என்னைக் கேட்டால் ஆகப் பெரிய கண்ணி இதுதான். ராஜஸ்தானிலோ வேறு வட மாநிலத்திலோ இரண்டு ஆண்டு முழுநேரம் படித்ததாக மார்க் ஷீட் சொல்கிறது. அதே இருபத்து நான்கு மாதங்களும் பி.எஃப். பாஸ்புக்கில் பெங்களூரு நிறுவனத்தின் சந்தா விழுந்திருக்கிறது. பின்னணி சரிபார்ப்பு செய்பவர் யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) காட்டும் பணி வரலாற்றையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பல்கலைக்கழகமே "ஆம், எங்கள் பட்டம்தான்" என்று பதில் போட்டாலும் காப்பாற்றாது. பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் ஊழியருக்குத்தான்.

ஆகவே பணம் கட்டும் முன், பல்கலைக்கழகப் பதிவாளரின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு நேரடியாக எழுதுங்கள். இந்தப் படிப்பு முழுநேரமா பகுதிநேரமா, வகுப்பு எந்த வளாகத்தில், வேலையில் இருப்பவர் சேர நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டுமா, பட்டத்தில் எந்த முறை என்று அச்சாகும்? பதில் எழுத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கல்லூரியோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ என்றால் ஏ.ஐ.சி.டி.இ.யின், அந்த ஆண்டுக்குப் பொருந்தும் அனுமதிக் கடிதத்தில் ஏரோஸ்பேஸ் முதுநிலை என்ற வரியும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். காலம் முடிந்த கடிதம் செல்லாது, பி.டெக்குக்கான வரி எம்.டெக்குக்கு ஆகாது. தொலைதூர, ஆன்லைன் சேர்க்கைக்கு 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து யு.ஜி.சி.யின் டெப் ஐடி (அதன் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் மாணவர் பெறும் எண்) கட்டாயம். "ஆன்லைன் எம்.டெக், டெப் ஐடி வேண்டாம்" என்று ஒரு பல்கலைக்கழக ஏஜென்ட் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நேர்வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. வேலை செய்வோருக்குச் சென்னை ஐ.ஐ.டி. இணையவழி எம்.டெக் நடத்துகிறது, சேர்க்கை அறிவிப்பை அதன் தளத்தில் மட்டும் பாருங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் ஆர் அண்டு டி நிறுவன ஊழியர்களுக்கு எக்ஸ்டர்னல் ரெஜிஸ்ட்ரேஷன் முறையில் ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. வேலை செய்யும் நிறுவனத்தின் சம்மதமும் அந்த நிறுவனத்திலிருந்தே ஒரு இணை வழிகாட்டியும் வேண்டும். நிறுவனமே அனுப்பும் ஸ்பான்சர்டு இடங்கள், கேட் நுழைவுத் தேர்வில் ஏ.இ. (ஏரோஸ்பேஸ்) தாள் எழுதிப் படிப்பு விடுப்பில் போவது ஆகியவை மிச்சம்.

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர் பயிற்சி) முடித்தவர்களிடம் "ஏரோநாட்டிகல் சொசைட்டி தேர்வு எழுது, அது பி.இ.க்குச் சமம், அப்புறம் எம்.டெக்" என்று விற்கிறார்கள். ஏரோநாட்டிகல் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் தேர்வுக்கு இருந்த அந்தச் சமநிலை 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இன்று சேருகிறவர் அதை நம்பி கேட் விண்ணப்பம் போடக் கூடாது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் யு.பி.ஐ. விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். அசல் சான்றிதழ் மாட்டியிருந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். அந்த மார்க் ஷீட்டை ஹெச்.ஆருக்குக் கொடுக்காதீர்கள், லிங்க்ட்இன்னிலும் போடாதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால், நிறுவனத்திடம் வாய் திறக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.