பழைய டீசல் கார் வாங்க கீழ இறங்குற நம்ம மலைக்காரங்களுக்கு – 3,85,000 போச்சு, நீங்களாவது தப்பிச்சுக்கோங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருந்து கோயம்புத்தூர் போய் பழைய டீசல் வண்டி வாங்கலாம்னு இருக்கிறவங்க தயவு செஞ்சு இதை முழுசா படிங்க. கை நடுங்குது டைப் பண்றப்ப, தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. 3,85,000 ரூபாய். பாதி தோட்டத்துல கேரட் விவசாயம் பண்ணி சேர்த்த காசு, மீதி அம்மா வளையலை அடகு வெச்சது. அந்த வண்டி இப்ப வீட்டுக்கு மேல ரோட்டோரம் தார்பாய் போட்டு நிக்குது.

கடை பேரை போடாதேன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லிட்டாரு, அதனால போடல. மெயின் ரோட்டு மேல பெரிய போர்டு, வரிசையா பாலிஷ் அடிச்ச வண்டிங்க, உள்ள ஏசி ரூம், "வாரண்டியோட செகண்ட்ஸ் கார்"னு விளம்பரம், செல்லுல வண்டின்னு தேடினாலே முன்னாடி வந்து நிக்கிற டைப் கடை. இந்த மாதிரி நிறைய இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

எங்களுக்கு கேத்தி பக்கம். அப்பாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம், செக்கப்புக்கு கோயம்புத்தூர் போகணும், பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கி மாறி போறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது. அதுக்குத்தான் வண்டி. டீசல் ஏன்னு கேக்காதீங்க, வீட்டு ஆளுங்க எல்லாம் ஏறி உக்காந்து மலை அடிவாரம் கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ஏறினவங்களுக்கு தெரியும், இன்ஜின் மெதுவா சுத்துறப்பவே, கம்மி ஆர்பிஎம்லயே டீசல் குடுக்கிற இழுவை சின்ன பெட்ரோல் வண்டியில வராது. புது டீசல் நம்ம பட்ஜெட்ல கிடையவே கிடையாது, 2020ல பிஎஸ் 6னு புது புகை கட்டுப்பாடு விதி வந்ததோட மாருதியே டீசலை நிறுத்திட்டாங்க, சின்ன டீசல் வண்டிங்க பெரும்பாலும் மார்க்கெட்ல இருந்தே போயிடுச்சு. அதனாலதான் மலையில எல்லாரும் அதுக்கு முந்தின பிஎஸ் 4 விதியில வந்த பழைய டீசலை தேடுறோம், அது தெரிஞ்சுதான் அவனுங்க விலையை ஏத்தி வெச்சிருக்கானுங்க. நான் பார்த்தது 2014 மாடல். டெல்லி பக்கம் போட்ட மாதிரி 10 வருஷ டீசல் தடை எல்லாம் நம்ம தமிழ்நாட்டுல இல்ல, ஆர்சி 15 வருஷம், 2029 வரைக்கும் இருக்கு. மீட்டர்ல 82,000 சொச்சம் கிலோமீட்டர். ஒரே ஓனர், டாக்டர் வெச்சிருந்த வண்டின்னாங்க.

அந்த கடைக்காரரை பத்தி சொல்லணும். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், நெத்தி நிறைய விபூதி. அப்பா உள்ள வந்ததும் எந்திரிச்சு "வாங்கய்யா உக்காருங்க"ன்னு அவரே சேர் இழுத்து போட்டாரு. ஹார்ட் பேஷண்ட்னு சொன்னதும் பையனை கூப்பிட்டு "ஐயாவுக்கு சர்க்கரை கம்மியா டீ"ன்னாரு. எந்த ஊர்னு கேட்டாரு, கேத்தின்னதும் "அட, எங்க சின்னம்மா வீடு உங்க பக்கத்துல எல்லநள்ளி தானுங்க, சின்ன வயசுல லீவுக்கு அங்கதான் கிடப்போம்"னு சொல்லி, ரயில் ஸ்டேஷன், கீழ இருக்கிற காய்கறி தோட்டம்னு வரிசையா பேசினாரு. அப்புறம் என் தோள் மேல கை வெச்சு சொன்னாரு, "தம்பி, மலைக்கு போற வண்டின்னா நானே நின்னு பார்த்துத்தான் குடுப்பேன், பர்லியாறுல ராத்திரி நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க, ஐயாவ வேற வெச்சுக்கிட்டு." எங்கப்பா வெளிய வந்து என்கிட்ட "நல்ல மனுஷன்டா"ன்னாரு. அந்த வார்த்தை தான் எனக்கு இப்பவும் வயித்தை எரிக்குது. 35 வருஷமா மண்டிக்காரங்ககிட்ட ஏமாறாம காய் வித்த மனுஷன் அவரு.

நான் சும்மா போய் வாங்கிட்டு வரல. பானெட் திறந்து பார்த்தேன், ஆயில் பார்த்தேன், டயர் தேதி பார்த்தேன், புகை பார்த்தேன். இன்ஜின் மேல கை வெச்சா சூடு, கேட்டா "இப்பத்தான் வாட்டர் வாஷ் போயிட்டு வந்துச்சு"ன்னாங்க. சாவி போட்டதும் படக்குனு ஸ்டார்ட். பைபாஸ்ல ஓட்டி பார்த்தா வெண்ணெய் மாதிரி போகுது. மேட்டுப்பாளையம் தாண்டி கொஞ்சம் ஏத்தி பார்க்கிறேன்னு கேட்டேன், "இன்சூரன்ஸ் பிரச்சனை வரும் சார், அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டோம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. பச்சை டிக் போட்ட செக்கிங் ரிப்போர்ட் ஒரு கத்தை குடுத்தாங்க, 6 மாசம் இன்ஜின் கியர்பாக்ஸ் வாரண்டி கார்டு குடுத்தாங்க, டெலிவரி நோட்டுல கையெழுத்து வாங்கினாங்க. 3,85,000 அக்கவுண்ட்ல போட்டுட்டு சாவி வாங்கிட்டு வந்தோம்.

அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. கல்லார் தாண்டி நாலு பெண்டு ஏறல, வண்டி அப்படியே சோர்ந்துடுச்சு, ஆக்சிலரேட்டரை அமுக்கினா சத்தம் மட்டும் வருது, வேகம் வரல, பின்னாடி கருப்பு புகை. மஞ்சள் இன்ஜின் லைட்டும் வந்துடுச்சு. பின்னாடி அரசு பஸ் ஹாரன், ஒதுங்க இடம் இல்ல, அப்பா நெஞ்சுல கை வெச்சு உக்காந்திருக்காரு. ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிக்கிட்டு குன்னூர் வந்தோம். போன் பண்ணா "டீசல் எங்க போட்டீங்க? மேட்டுப்பாளையம் பங்க்லயா? அதான் சார், தண்ணி கலந்திருக்கும்"னான் ஒருத்தன்.

அப்புறம் பனி விழ ஆரம்பிச்சுது. கேத்தி பள்ளத்துல உறைபனி எப்படி இருக்கும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, காலையில புல்லு எல்லாம் வெள்ளையா கிடக்கும். வண்டி ஸ்டார்ட்டே ஆகல. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் பத்தணும், குளிர்ல அதுக்கு உதவியா ஹீட்டர் பிளக் சூடு பண்ணும். அப்படி காத்தை அமுக்குற சக்தி, அதாவது கம்ப்ரஷன், போன இன்ஜின், அதோட ஹீட்டர் பிளக்கும் செத்திருந்தா, கோயம்புத்தூர் மத்தியான வெயில்ல ஒண்ணும் தெரியாது, ஏற்கனவே சூடு பண்ணி வேற வெச்சிருக்கான். நம்ம ஊர் காலையிலதான் பல்லை இளிக்கும். பக்கத்து வீட்டு பசங்க எல்லாம் சேர்ந்து இறக்கத்துல தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணோம், வெள்ளை புகை தெருவே மறைஞ்சு போச்சு.

அருவங்காட்டுல ஒரு மெக்கானிக் அண்ணன், டீசல் வேலை மட்டும் பார்க்கிறவரு, அவர்கிட்ட விட்டேன். டீசலை சிலிண்டருக்குள்ள பீச்சுறது இன்ஜெக்டர், மீதி டீசல் டேங்குக்கு திரும்புற குழாய் ரிட்டர்ன் லைன்; நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைன்லயும் ஆளுக்கொரு பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டாரு, ரெண்டு பாட்டில் கடகடன்னு ரொம்புது, மத்த ரெண்டுல அடி கூட நனையல. சிலிண்டருக்குள்ள போக வேண்டிய டீசல் ரிட்டர்ன்ல ஓடுதாம், இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்கிற குழாயில பிரஷர் (ரயில் பிரஷர்னு சொல்வாங்க) ஏறாதாம். ஓடுற இன்ஜின்ல ஆயில் மூடியை திறந்து காட்டினாரு, குபுகுபுன்னு புகை தள்ளுது, உள்ள கம்ப்ரஷன் கசியுதுன்னு அர்த்தமாம். இன்ஜினுக்கு காத்தை அழுத்தி தள்ற டர்போவோட பைப்பை கழட்டினா உள்ள ஆயில், அதுவும் போச்சு. ஸ்கேனர் மாட்டிட்டு என்னை கூப்பிட்டு "இங்க பாரு தம்பி"ன்னாரு. பழைய எரர் எல்லாம் அழிச்ச பிறகு வண்டி எவ்ளோ தூரம் ஓடியிருக்குன்னு அதுல தெரியுமாம். கடையில இருந்து எங்க வீடு, வீட்டுல இருந்து அவரு ஷெட், அவ்ளோதான் காட்டுது. அதாவது நாங்க டீ குடிச்சிட்டு இருக்கிறப்ப உள்ள லைட்டை அழிச்சிருக்கானுங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் குடுத்து விசாரிச்சா 2019லயே 1,60,000 கிலோமீட்டர்ல சர்வீஸ் பண்ண பதிவு இருக்கு. நான் வாங்கினப்ப மீட்டர்ல 82,000. டாக்டராம் டாக்டர்.

சிலிண்டரை கடைஞ்சு சரி பண்ற போர் வேலை, இன்ஜெக்டர், டர்போ, ஹீட்டர் பிளக் எல்லாம் சேர்த்து ஒண்ணே கால்ல இருந்து ஒண்ணரை லட்சம் ஆகும்னாரு. 3,85,000 மேல இன்னும் ஒண்ணரை லட்சம்.

இனிமே நடந்ததுதான் ரொம்ப வலிக்குது. வித்த பையன் போனே எடுக்கல, ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா "அந்த தம்பி வேலையை விட்டுட்டாரு சார்". மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, மேனேஜர் சாப்பிட போயிருக்காரு, மேனேஜர் உங்களை கூப்பிடுவாரு. வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பினா ப்ளூ டிக் மட்டும் விழும். அப்புறம் ஒரு லேடி எடுத்து "இன்ஜெக்டர், டர்போ, பம்ப் எல்லாம் வாரண்டியில வராது சார், இன்ஜினுக்கு உள்ள இருக்கிற பார்ட்ஸ் மட்டும்தான்". சரி, உள்ளதான் கம்ப்ரஷன் போயிருக்கேன்னா, "வண்டியை இங்க கொண்டு வாங்க, பார்த்து சொல்றோம்". ஸ்டார்ட் ஆகாத வண்டியை மலையில இருந்து எப்படிங்க கொண்டு வர்றது, ரெக்கவரி வண்டி செலவு யார் குடுப்பான்னா, "அது கஸ்டமர் பொறுப்பு". கடைசியா மேனேஜர்னு ஒருத்தன் லைன்ல வந்து ஒண்ணு சொன்னான் பாருங்க: "சார் நீங்க ஹில்ஸ்ல ஓட்டிருக்கீங்க, ஹில்ஸ்ல ஓட்டினா கடுமையான உபயோகம், வாரண்டி கேன்சல்." கேத்திக்குன்னு சொல்லித்தானடா வாங்கினேன்! உங்க முதலாளி சின்னம்மா வீடு எல்லநள்ளின்னு சொல்லித்தானடா வித்தாரு!

நேர்ல போனோம், அப்பாவும் வர்றேன்னு பிடிவாதமா வந்தாரு. அதே ஏசி ரூம், அதே மனுஷன். சேர் போடல. எல்லநள்ளின்னு நான் ஆரம்பிச்சதும் செல்லை எடுத்து காதுல வெச்சுக்கிட்டாரு. அப்புறம் டெலிவரி நோட்டை எடுத்து நீட்டினாரு, "வாகனத்தை ஓட்டிப் பார்த்து திருப்தியடைந்து உள்ளது உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்"னு இருக்குது, கீழ என் கையெழுத்து. சூடு பண்ணி வெச்ச இன்ஜினை, எரரை அழிச்ச வண்டியை, மீட்டரை திருப்பின வண்டியை ஓட்டிப் பார்த்து திருப்தியடைஞ்சேனாம். "செகண்ட்ஸ் வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும், புதுசு வாங்கிருக்கணும்"னாரு எங்கப்பாவ பார்த்து. அப்பா ஒண்ணும் பேசாம வெளிய போய் வெயில்ல நின்னுட்டாரு. ஆர்சி பேர் மாத்துறதும் நாங்களே பண்ணித் தர்றோம்னு காசு தனியா வாங்கினாங்க, இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு.

டீசல் வண்டி எப்படி பார்த்து வாங்கணும்னு விளக்கமா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்ப முடியல, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். இன்ஜின் சில்லுன்னு இருக்கிறப்ப, ராத்திரி முழுக்க நின்ன வண்டியை, காலையில நீங்களே சாவி போடுங்க. பானெட் சூடா இருந்தா நாளைக்கு வர்றேன்னு திரும்பிடுங்க. ஏத்தத்துல ஓட்ட விடலன்னா வாங்காதீங்க, அவ்ளோதான். உங்க மெக்கானிக்கை ஸ்கேனரோட கூட்டிட்டு போங்க, கடைக்காரன் ரிப்போர்ட்டை நம்பாதீங்க. வண்டி நம்பரை வெச்சு கம்பெனி சர்வீஸ்ல கிலோமீட்டர் கேளுங்க. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல லோன் பாக்கி, இன்சூரன்ஸ், அபராதம் பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி விக்கிற டீலருக்கு ஆர்டிஓ குடுக்கிற அனுமதி சான்று, படிவம் 29பி, வேணும்னு ரூல் இருக்கு, அதை காட்ட சொல்லுங்க. ஆர்சி பேர் மாத்துறதுக்கான படிவம் 29, 30ல கையெழுத்து ஆகாம முழு பணத்தையும் குடுக்காதீங்க. வாய் வார்த்தையில சொல்றதை எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, மலைக்கு போற வண்டின்னு அதுல வரட்டும்.

1915 நுகர்வோர் நம்பர்ல புகார் பதிஞ்சுட்டேன். 5 லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, நம்ம இருக்கிற ஊர்லயே போடலாம்னு 2019 நுகர்வோர் சட்டத்துல இருக்கு, அதனால ஊட்டியிலதான் போட போறேன், அவனுங்க மலை ஏறி வரட்டும். மெக்கானிக் அண்ணன் எழுதி குடுத்த ரிப்போர்ட், ஸ்கேனர் போட்டோ, சர்வீஸ் பதிவு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். கோயம்புத்தூர்ல இதே மாதிரி கடையில வாங்கி "ஹில்ஸ்ல ஓட்டினீங்க"ன்னு வாரண்டி மறுத்தவங்க யாராவது நீலகிரியில இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, டெலிவரி நோட்டு போட்டோவும் வாரண்டி கார்டும் அனுப்புங்க, மனுவோட சேர்த்து வைக்கலாம். அடுத்த வாரம் ஊட்டி போறேன்.