ஹைலக்ஸா, வி-கிராஸா? சத்தமும் மைலேஜும்

இரண்டும் பின்னால் சுமைத் தொட்டி கொண்ட பிக்கப் வண்டிகள். டொயோட்டா ஹைலக்ஸில் இருப்பது அதே நிறுவனத்தின் ஃபார்ச்சூனர் எஸ்யூவியின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், 204 குதிரைத்திறன். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸில் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன். சின்ன இன்ஜின் என்றால் அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டினால் நேர்மாறு. ஓவர்டேக் செய்ய வி-கிராஸை அழுத்தி மிதிக்க வேண்டும், அப்போது டீசல் உறுமல் கேபினுக்குள்ளேயே வந்துவிடும். ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸுக்கு 500 என்எம் டார்க், அதாவது இழுக்கும் விசை. லேசாகத் தொட்டாலே போதும், சத்தம் ஏறுவதற்குள் லாரி பின்னால் போயிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் கடகட சத்தத்தில் மட்டும் இரண்டும் பங்காளிகள்.

பின்பக்கம் இரண்டுக்கும் பட்டை ஸ்ப்ரிங்தான். சுமைத் தொட்டி காலியாக இருந்தால் மேடுபள்ளத்தில் தடதடப்பு நிச்சயம்; கொஞ்சம் சுமை ஏற்றினால் அடங்கும். முரட்டு டயர் மாட்டினால் ஹைவேயில் ரீங்காரம் கூடும், மைலேஜும் குறையும். (அழகுக்காக மாட்டுபவர்களிடம் சொல்லிப் பயனில்லை.)

நகர நெரிசலில் மைலேஜ் வி-கிராஸுக்குச் சற்றுச் சாதகம். ஹைவேயில் நிதானமாகப் போனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புதுவண்டியின் முதல் சில டேங்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்: இன்ஜின் இன்னும் இளகியிருக்காது, டிபிஎஃப் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போதும் டீசல் கூடுதலாகச் செலவாகும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள்.

தினமும் ஊருக்குள் அலைபவருக்கு வி-கிராஸ். நீண்ட தூரம் போகிறவர், விலை தாங்குமென்றால், ஹைலக்ஸ்.