லித்தியம் மாத்திரை: ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது எங்கே சறுக்கும்?

1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் எழுதிய கட்டுரையோடு மனநல மருத்துவத்துக்குள் வந்த உப்பு இது. அளவுமீறிய உற்சாகமான பித்துநிலையும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு திரும்பத் திரும்ப வராமல் தடுப்பதில், பின்னால் வந்த எத்தனையோ மருந்துகளால் இன்னும் இதை ஓரங்கட்ட முடியவில்லை. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் நல்ல பெயர் உண்டு. ஒரே தொல்லை: குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மெல்லியது. நோய் திரும்பாமல் காக்க ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து; வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே தொந்தரவு தொடங்கலாம்.

இந்த எண்ணைத் தப்பாக எடுப்பதுதான் அதிகம் நடக்கிற கோளாறு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணி. காலையிலும் மாத்திரை உண்டென்றால், ரத்தம் கொடுத்த பிறகே அதை விழுங்கலாம். முன்னாலேயே போட்டுவிட்டுப் போனால் அளவு ஏறிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைப்பார்கள். சில வாரத்தில் நோய் தலைதூக்கும். குழாயையும் கவனியுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சில குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் தடவியிருக்கும். அதில் பிடித்தால் குழாயில் உள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்! மருந்தின் அளவை மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்தே சோதனைக்கு அர்த்தம் உண்டு. வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறினாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கிற அதே வேகத்தில் லித்தியத்தையும் பிடித்து வைக்கும். அதனால் திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறக் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு, அடுத்த வேளையை நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். தலைவலிக்கு இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம்; பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்த மாத்திரைகளில் தயசைடு, எனலாப்ரில், லோசார்டன் வகைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். புதிதாக எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் லித்தியம் சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

கைநடுக்கத்தில் இரண்டு வகை. தண்ணீர் டம்ளரை நீட்டிப் பிடித்தால் மேற்பரப்பு மட்டும் சிலிர்க்கிற மெல்லிய நடுக்கம் சகஜம். ரொம்பத் தொந்தரவானால் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். தண்ணீர் சிந்துகிற அளவு நடுக்கம், அதோடு நாக்குக் குழறல், தள்ளாட்டம், வாந்தி என்றால் கதையே வேறு: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

தாகமும் அடிக்கடி சிறுநீரும் பலருக்கு உண்டு. சர்க்கரை கலந்த பானத்தால் தாகம் தீர்த்தால் எடை ஏறும், தண்ணீரே சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கால்சியம் பார்க்க வேண்டும். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்து வரும் சோர்வை மனச்சோர்வு என்று நினைத்து மருந்தைக் கூட்டுவது வீண்வேலை.

விட்டுப்போன வேளைக்கு ஈடாக இரட்டிப்பாய் விழுங்கக் கூடாது. நலமாக இருக்கிறதே என்று சட்டென நிறுத்தினால் பித்துநிலை வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாக. ஆய்வகச் சீட்டில் கடைசி மாத்திரை போட்ட மணியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அந்த மணி தெரியாத அறிக்கையை வைத்து எதையும் மாற்ற முடியாது.